இன்னைக்குச் சுகர் எவ்வளவு?

அக்கா தினமும் இரவு எட்டு மணிக்கு ஃபோன் செய்வாள். அவளுக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருடம், எனக்குப் பதினொன்று. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. எடுத்ததும், "இன்னைக்குச் சுகர் எவ்வளவு?" என்பாள். நான் ஒரு எண்ணைச் சொல்வேன், அவள் தன் எண்ணைச் சொல்வாள். யாருடையது குறைவோ அவளுக்கு அன்றைக்கு அறிவுரை சொல்லும் உரிமை. பத்து வருடமாக எங்களுக்குள் நடக்கும் விளையாட்டு இது. போன வருடம் நான்கு மாதம் நான் சொன்ன எண்கள் அத்தனையும் பொய். 132, 147, ஒரு மாறுதலுக்கு 163. கருவியைத் தொடவே இல்லை. 150 என்று முழு எண்ணாகச் சொன்னால் சந்தேகப்படுவாள் என்பதால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். அந்த நாட்களில் நான் மூளையைக் கசக்கிய ஒரே வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பதினோரு மாதம் ஆகிறது. இதை மறைத்து வைக்க வேண்டாம் என்று முடிவு செய்து, நெருங்கியவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, அது வேறு. ஆனால் ஒருவர் விடாமல் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அதைச் சாப்பிட்டதுல சுகர் குறைஞ்சுதா?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். குறைந்தது என்றால் நல்ல மாத்திரை, குறையவில்லை என்றால் வீண் என்பது அவர்கள் கணக்கு. முதல் இரண்டு மூன்று முறை ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் அந்தக் கேள்வி உறுத்த ஆரம்பித்தது. ஏன் உறுத்துகிறது என்று எனக்கே தெளிவாகத் தெரியாததால் எழுதிப் பார்க்கிறேன்.

ஃபைலில் இருந்த வாக்கியம்

அழுகை, புலம்பல் என்று எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாக நின்றுபோனது, அவ்வளவுதான். முதலில் காலை நடை நின்றது. முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். பிறகு இரவு மாத்திரையை மறந்தேன். மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மேஜை மேல் அது இருப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். கையை நீட்டினால் எட்டும். நீட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் பேசினால் காதில் விழும், பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதற்குள் அவர் எழுந்து போயிருப்பார். கால் விரலில் ஒரு கொப்புளம் வந்து பத்து நாள் இருந்தது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் ஒரு கீறல் என்றாலும் என்ன பயம் வர வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு வரவில்லை. யாரோ ஒருத்தியின் கால் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c என்பார்கள்) 9.4 சதவீதம் என்று வந்தது. அதற்கு முன்பு 7.6. சர்க்கரை மருத்துவர் நல்ல மனிதர், அவசரக்காரர். என்னிடம் கோபப்படவில்லை. ஃபைலில் எதையோ எழுதினார். வெளியே வந்து காத்திருக்கும்போது பிரித்துப் படித்தேன். உணவுக் கட்டுப்பாடு இல்லை, மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை, நோயாளியின் ஒத்துழைப்பு போதாது என்று இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் பதினோரு வருடத்தில் பத்து வருடம் ஒத்துழைத்த ஒருத்தி திடீரென்று ஏன் கையை விரித்தாள் என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. மனசு சரியில்லை என்று நான் வாயைத் திறந்து சொன்னபோது, "சுகர் இவ்வளவு இருந்தா அப்படித்தான் இருக்கும். முதல்ல இதைக் கட்டுக்குள்ள கொண்டுவாங்க, அது தானா சரியாயிடும்" என்றார்.

முழுக்கத் தப்பான பேச்சு இல்லை அது. சர்க்கரை எகிறிக் கிடந்தால் களைப்பு வரும், எரிச்சல் வரும், இரவில் நாலு முறை சிறுநீருக்கு எழுந்தால் தூக்கம் கெடும். ஆனால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டிய ஆள் நான்தானே? அந்த ஆள்தான் இல்லை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கதவைத் திறந்து சாவியை எடுத்துக்கொள் என்று சொல்வது போன்றது அந்த அறிவுரை.

இந்த இரண்டு நோய்களுக்கும் உள்ள உறவு புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், நீரிழிவுக்காரர்களின் சிறுநீர் தேன் போல் இனிக்கிறது என்று எழுதியவர், நீண்ட துக்கத்திலிருந்து இந்த நோய் வரலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறார். அவர் சொன்னது பாதி சரி. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கார்ட்டிசால் போன்ற அழுத்தச் சுரப்புகள் கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மனம் ஓய்ந்தவர்கள் நடக்க மாட்டார்கள், மருந்தைத் தவற விடுவார்கள். ஒன்று இன்னொன்றை வளர்த்துக்கொண்டே போகும். இவ்வளவு தெரிந்திருந்தும், பதினோரு வருடத்தில் கண்ணைப் பார்த்தார்கள், சிறுநீரகத்தைப் பார்த்தார்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் அழுத்திப் பார்த்தார்கள். மனசைப் பற்றி ஒரு கேள்விகூட வந்ததில்லை.

மனநல மருத்துவரிடம் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை போட வேண்டும். மொத்தம் 27. பத்தைத் தொட்டாலே கவனித்துப் பார்ப்பார்கள். எனக்கு 17. ஒன்பதாவது கேள்வி, இல்லாமல் போய்விட்டால் தேவலை என்று தோன்றியதா என்பது. அதற்குப் பூஜ்யம் போடப் போன பேனா அங்கேயே நின்றது. "சில நாட்கள்" என்பதில் டிக் அடித்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. (இதைப் படிக்கும் யாருக்காவது அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் போட முடியவில்லை என்றால், மிச்சக் கட்டுரை எங்கேயும் போகாது. இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிடுங்கள்.)

அந்தத் தாளில் ஒரு சிக்கல் உண்டு என்பதை மருத்துவரே சொன்னார். களைப்பு, தூக்கக் கேடு, பசி மாற்றம், கவனம் சிதறுவது, இந்த நாலும் சர்க்கரையாலும் வரலாம். அதனால் அவர் தைராய்டும் வைட்டமின் பி12-உம் பார்க்கச் சொன்னார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக் கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம், அதுவே சோர்வைத் தரும். எனக்கு பி12 கொஞ்சம் குறைவுதான். அதற்குத் தனியாக மருந்து எழுதினார். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார்: "ஒரு பேச்சுக்கு, நாளைக்குக் காலையில உங்க சர்க்கரை வியாதியே இல்லாமப் போயிடுச்சுன்னு வச்சுக்குங்க. எழுந்ததும் என்ன செய்ய ஆசைப்படுவீங்க?"

யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. திரும்பப் படுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் தோன்றியது. அதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

பிறகுதான் அந்தக் கேள்வியின் அருமை புரிந்தது. சர்க்கரை நோயே ஒருவருக்கு அலுப்பைத் தரும். தினமும் குத்திக்கொள்வது, ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்கு, என்ன செய்தாலும் ஏறும் எண், குற்ற உணர்ச்சி. இதற்கென்றே தனியாக ஒரு பெயர் வைத்து, 1995-இலேயே இருபது கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கியிருக்கிறார்கள். நாம் தமிழில் நோய்ச் சலிப்பு என்று சொல்லலாம். அந்தச் சலிப்பில் இருப்பவரிடம் நாளைக்குச் சர்க்கரை இல்லை என்றால் துள்ளி எழுவார், விட்டது சனி என்பார். அவருக்குத் தேவை மாத்திரை இல்லை. சுமையைக் குறைத்து, குறை சொல்லாமல் கூட நிற்கும் ஆள் தேவை. எனக்குத் துள்ளத் தோன்றவில்லை. நோயை எடுத்துவிட்டாலும் அந்த இருட்டு அங்கேயே இருந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் சலிப்பில் இருப்பவருக்குத் தேவையில்லாத மாத்திரை போகும், சோர்வில் இருப்பவருக்கு "எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற ஆறுதல் மட்டும் போகும். என் பார்வையில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது.

ஐந்து வாரம் இழுப்பறையில்

மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மனச்சோர்வு மாத்திரை ஃப்ளூஆக்சிடின், 20 மில்லிகிராம், காலையில் ஒன்று. சீட்டை வாங்கிக்கொண்டு வந்து இழுப்பறையில், சுகர் கருவிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஐந்து வாரம் அது அங்கேயே இருந்தது. கேட்டவர்களிடம், "மனசு மாத்திரையெல்லாம் சுகரை ஏத்திவிடுமாம்" என்றேன். யார் சொன்னது என்றால் எல்லோரும் சொல்கிறார்கள். அக்காதான் அதை உரக்கச் சொன்னவள். "அதெல்லாம் தொடாதேடி. பழகிடும். உடம்பு ஊதிடும். நரம்பு தளர்ந்துடும்." இந்த அக்கா மூன்று வருடமாகக் கால் எரிச்சலுக்கு இரவில் ஒரு சின்ன மாத்திரை போட்டுக்கொள்கிறாள். நரம்பு மாத்திரை என்பாள். அதன் பெயர் அமிட்ரிப்டிலின். அது என்ன வகை மருந்து என்று அப்போது எனக்கும் தெரியாது.

அந்தப் பயத்தில் உண்மை உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. எல்லா மாத்திரையும் ஒன்றல்ல என்பதுதான் விஷயம். பழைய தலைமுறை மருந்துகள், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் வகையறா, எடையைக் கூட்டலாம், சர்க்கரையையும் ஏற்றலாம். மிர்டாசபின் பசியைக் கிளப்பிவிடும், பாராக்சடினிலும் நாளடைவில் எடை கூடுவது உண்டு. ஃப்ளூஆக்சிடின் இதற்கு நேரெதிர், ஆரம்பத்தில் பசியைக் குறைக்கும். செர்ட்ராலின் இரண்டு பக்கமும் பெரிதாகச் சாய்வதில்லை. டுலாக்சடின் பாத நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே பயன்படுவது, சிலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் கொஞ்சம் உயர்த்தும். ஆக, சர்க்கரைக்காரருக்கு எந்த மாத்திரை என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. மாத்திரையே வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது. பேசித் தீர்க்கும் சிகிச்சையும் உண்டு, சிந்தனைப் பழக்கங்களை மாற்றும் சிகிச்சை சர்க்கரைக்காரர்களின் மனச்சோர்வைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எனக்கு அப்போது பேச வாய் வரவில்லை, அதனால் முதலில் மாத்திரை என்றார் மருத்துவர்.

மருத்துவர் என்னிடம் சொன்னதில் முக்கியமானது இதற்கு மறுபக்கம். ஏறுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. நான் இரண்டு வேளை க்ளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவள். கல்லீரலில் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதியின் வேலையை ஃப்ளூஆக்சிடின் மந்தப்படுத்தும். அப்படியானால் க்ளிமிபிரைடு வழக்கத்தைவிட அதிக நேரம் உடம்பில் தங்கும், சர்க்கரை எதிர்பாராமல் தாழ்ந்துவிடலாம். "முதல் ரெண்டு மாசம் அடிக்கடி அளந்து பாருங்க. தாழ்ந்தா உடனே சொல்லுங்க, சர்க்கரை மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். நான் மாதக் கணக்கில் அளக்கவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஒன்பதாவது கேள்விக்கு உண்மை எழுதியவளுக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மனித மனசு வைத்திருக்கும் வரிசையே தனி.

ஐந்து வாரம் கழித்து ஏன் எடுத்தேன் என்பதற்குப் பெரிய காரணம் இல்லை. வீட்டுக்காரர் ஒருநாள் சீட்டை எடுத்துக்கொண்டு போய் மாத்திரையை வாங்கி வந்து, ஒரு தம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மறுக்கவும் தெம்பு இல்லை. அதுதான் உண்மை. சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற உறுதியோடு எல்லோரும் ஆரம்பிப்பதில்லை.

முதல் வாரம் குமட்டல். இரண்டாவது வாரம் தூக்கம் இன்னும் மோசம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனால் பக்கவிளைவு மட்டும் முதல் நாளே வந்துவிடுகிறது. இந்த அநியாயத்தை யாரும் சரியாக எச்சரிப்பதில்லை.

58

ஐந்தாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. பசி குறைந்திருந்தது, பாதித் தட்டில் எழுந்துவிட்டேன். க்ளிமிபிரைடை மட்டும் அன்றைக்குப் பார்த்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். நடுராத்திரியில் விழிப்பு வந்தது. நைட்டி முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, என்னவோ நடக்கப் போகிறது என்ற கலக்கம். மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆரம்பத்தில் பதற்றம் வரலாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அதுதான் போலிருக்கிறது, பொறுத்துக்கொண்டால் போய்விடும் என்று கண்ணை மூடினேன். அப்படியே மூடிக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. தாழ்சர்க்கரையும் பதற்றமும் வெளியே பார்க்க ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பயம், எல்லாம் ஒன்றுதான். குத்திப் பார்த்தால்தான் யார் என்று தெரியும்.

அப்போது ஒன்று நடந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சாதாரணமாக, பச்சையாக, செத்துப்போய்விடுவேனோ என்ற பயம். கொப்புளத்துக்கு வராத பயம், 9.4-க்கு வராத பயம். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அதையே ஒரு கணம் வியந்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அப்படித்தான். பல மாதமாக உள்ளே யாரும் இல்லாத வீட்டில் யாரோ விளக்கைப் போட்டது மாதிரி. தடுமாறிப் போய் இழுப்பறையைத் திறந்தேன். கருவி இருந்தது. சோதனைப் பட்டைகள் இருந்த குப்பியின் காலாவதி அந்த மாதத்தோடு முடிகிறது. நடுங்கும் விரலில் குத்த இரண்டு தடவை தவறிப் போய், மூன்றாவதில் சொட்டு வந்தது. 58.

குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்தேன். பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப அளக்க வேண்டும். பத்து வருடமாகத் தெரிந்த விதி, சொல்லிக்கொடுத்தவளே அக்காதான். அந்தப் பதினைந்து நிமிடம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கருவியின் நினைவகத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். 58-க்கு முந்தைய அளவு நான்கு மாதம் ஒன்பது நாளைக்கு முன்னால். நடுவில் ஒன்றும் இல்லை. அக்காவிடம் சொன்ன 132-உம் 147-உம் எங்கேயும் இல்லை. திரும்ப அளந்தபோது 94. வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். எழுப்பியிருக்க வேண்டியது முதலில், அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் இரண்டு மருத்துவர்களுக்கும் சொன்னேன். க்ளிமிபிரைடு பாதியாகக் குறைந்தது. மனசு மாத்திரை அப்படியே தொடர்ந்தது. அந்த இரவுக்குக் காரணம் இரண்டு மருந்தும் மோதியதா, பாதிச் சாப்பாடா, இரண்டும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். எனக்கு அது முக்கியமாகவும் படவில்லை. யாராவது, "பார்த்தாயா, அந்த மாத்திரையால் எவ்வளவு ஆபத்து" என்றால் ஒப்புக்கொள்வேன். அளக்காமல் எடுத்தால் ஆபத்துதான். ஆனால் அளந்து பார்க்க எழுந்தவள் யார்? இரண்டு மாதத்துக்கு முன்பு அதே 58 வந்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

9.4-உம் 9.1-உம்

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. 9.1. சர்க்கரை மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "அந்த மாத்திரையால பெருசா ஒண்ணும் மாறலையே" என்றார். எதிரில் உட்கார்ந்திருந்தவள் தலை சீவியிருந்தாள், கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொன்னாள், கால் விரலைத் தானாகக் காட்டினாள். அவர் பார்த்தது புள்ளிக்குப் பின்னால் இருந்த ஒரு இலக்கத்தை. எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி ஏன் உறுத்துகிறது என்பது அந்த நிமிடத்தில்தான் விளங்கத் தொடங்கியது. என் மனச்சோர்வு குணமாக வேண்டியது சர்க்கரைக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்காக என்பது கணக்கிலேயே வரவில்லை. ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவரிடம் அதனால் முதுகுவலி குறைந்ததா என்று கேட்டு, இல்லை என்றால் ஆஸ்துமா மருந்து வீண் என்பார்களா?

இதில் ஆராய்ச்சியாளர்களும் ரொம்ப நாள் அதே கேள்வியைத்தான் துரத்தியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்கள் சுவாரசியமானவை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் பேட்ரிக் லஸ்ட்மன் குழுவினர் 1997-இல் நார்ட்ரிப்டிலினைச் சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு குறைந்தது. மருந்து நேரடியாகச் சர்க்கரையை ஏற்றப் பார்த்தது. மனச்சோர்வு விலகியதோ தன் பங்குக்குச் சர்க்கரையை இறக்கப் பார்த்தது. ஒரே மாத்திரை, ஒரே உடம்பு, இரண்டு எதிரெதிர் இழுப்பு. 2000-இல் அதே குழு அறுபது பேருக்கு எட்டு வாரம் ஃப்ளூஆக்சிடின் ஆய்வு நடத்தியது. மனச்சோர்வு தெளிவாகக் குறைந்தது. சர்க்கரை நல்ல பக்கமாக லேசாக நகர்ந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. என் 9.1 ஒன்றும் விசித்திரம் இல்லை என்று தெரிந்தது.

2004-இல் வெய்ன் கேட்டன் என்ற மனநல மருத்துவரின் குழு 329 பேரைக் கொண்டு செய்த ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மனச்சோர்வை மட்டும் நன்றாகக் கவனித்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, மூன்று மாதச் சராசரி அசையவில்லை. அதே மனிதர் 2010-இல் வேறு மாதிரி செய்தார். சர்க்கரையோ இதய நோயோ உள்ள, மனச்சோர்வும் உள்ள 214 பேர். ஒரு செவிலியர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார், மனநிலை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் தொடர்ந்து விசாரித்து, மருத்துவர்களிடம் சொல்லி மருந்துகளைச் சரிசெய்துகொண்டே வந்தார். இப்போது எல்லாமே இறங்கின. இந்தியாவில் நான்கு சர்க்கரை மருத்துவ மையங்களில் 404 பேரிடம் இதே முறையைச் செய்து பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்விலும் இப்படிப் பார்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

என் வீட்டு மொழியில் சொன்னால், மனசு மாத்திரை என்னை எழுப்பி உட்கார வைக்கும். எழுந்து உட்கார்ந்தவளின் சர்க்கரையை யாராவது தனியாகக் கவனித்தால்தான் அது இறங்கும். முதலாவது வேலையை இரண்டாவதின் மதிப்பெண்ணை வைத்துத் திருத்தக் கூடாது. எனக்கும் அடுத்த ஆறு மாதத்தில் 7.8 வரை இறங்கியது. இதைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. சொன்னதும், "அப்போ மாத்திரை வேலை செஞ்சிருக்கு" என்பீர்கள். இறங்காமல் இருந்திருந்தாலும் வேலை செய்திருக்கிறது என்பதுதான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்ல வருவது.

மாத்திரையில் குறையே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது பரவலான பக்கவிளைவு. சர்க்கரையே அதில் கை வைக்கும் நோய், இரண்டும் சேர்ந்தால் சொல்லவே கூச்சப்பட்டுப் பலர் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் மாற்று மருந்து உண்டு. இதோடு ஆஸ்பிரினும் எடுப்பவர்களுக்கு ரத்தக் கசிவு அபாயம் கூடும், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நன்றாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது. நலமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்கிறார்கள். இதற்கும் ஒரு காரணம் உண்டு. லஸ்ட்மன் குழு 2006-இல், குணமான சர்க்கரைக்காரர்களில் பாதிப் பேருக்கு செர்ட்ராலினைத் தொடர்ந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு 57 நாளில் மனச்சோர்வு திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அதே அளவு பேருக்குத் திரும்ப 226 நாள் ஆனது. நான் எப்போது நிறுத்துவேன் என்று தெரியாது. அதைப் பற்றி இப்போதைக்குக் கவலை இல்லை.

எட்டு மணி

அக்காவிடம் உண்மையைச் சொல்ல இன்னும் இரண்டு மாதம் ஆனது. எட்டு மணிக்கு வழக்கம் போல ஃபோன். "இன்னைக்குச் சுகர் எவ்வளவு?" 211 என்றேன். அன்றைக்கு உண்மையிலேயே 211. பத்து நிமிடம் திட்டினாள். திட்டி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நான்கு மாதப் பொய்களையும் சொன்னேன், ஒன்பதாவது கேள்வியையும் சொன்னேன், 58-ஐயும் சொன்னேன். அவள் பக்கத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அது நின்றது.

"மாத்திரையா சாப்பிடறே?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்க்கா. நீயும்தான் சாப்பிடறே. உன் ராத்திரி மாத்திரை இருக்கே, அமிட்ரிப்டிலின், அதுவும் மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான். கம்மி அளவுல கால் எரிச்சலுக்குக் கொடுக்கறாங்க."

"போடி."

"டப்பாவை எடுத்துட்டுப் போய் உன் டாக்டர்கிட்டயே கேளு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன், அல்லது இன்னொரு பத்து நிமிடம் திட்டுவாள் என்று. "கால் எரிச்சலுக்குன்னா பரவாயில்லை" என்றாள். அப்புறம், "அந்த ஒன்பது கேள்வின்னு சொன்னியே, தாள் கையில இருக்கா?"

"இருக்கு."

"சும்மா படி, கேட்போம்."

இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து முதல் கேள்வியைப் படித்தேன். எதிலாவது ஈடுபடும்போது ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா, கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்? அக்கா உடனே பதில் சொல்லவில்லை. நான் பேனாவை எடுத்துக்கொண்டேன்.